பேசாமல் இருக்கச் சொன்னார்கள், எத்தனை நாள்?

சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், "குரலுக்கு ஓய்வு கொடுப்பது எல்லாத் தொண்டைக் கோளாறுக்கும் மருந்தல்ல" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை மூடிவிட்டன. பாதிப் பேருக்குப் பேசாமல் இருந்ததால் குணமாகியிருக்கிறது. நான் எப்படி அப்படி எழுதலாம் என்று கோபிக்கிறார்கள். மீதிப் பேருக்குப் பேசாமல் இருந்தும் குணமாகவில்லை. அதை ஏன் முன்பே எழுதவில்லை என்று கோபிக்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் இதற்கே. முதலில் வாசகர் கடிதம், அதன்கீழ் குரல் பயிற்சி கொடுக்கிறவளான என் பதில்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பதினாறு ஆண்டுப் பணி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் குரல் உடைந்துவிடுகிறது. சனி, ஞாயிறு வாய் திறக்காமல் இருந்தால் திங்கள் காலை தெளிகிறது. புதன்கிழமை மறுபடியும் கரகரப்பு. தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் குரல்நாண்கள் இரண்டிலும் சிறு முடிச்சுகள் இருக்கின்றன என்றார்கள். ஒரு மாதம் விடுப்பு எடுத்து முழு மௌனமாக இருந்தால் கரைந்துவிடுமா?

வீக்கம் வடியும், முடிச்சும் சற்றுச் சிறுக்கலாம். பிறகு பள்ளிக்குத் திரும்புவீர்கள். அதே வகுப்பு, அதே இரைச்சல், அதே உரத்த குரல். இப்போது இரண்டு நாள் ஓய்வில் நடக்கிற கதைதான் முப்பது நாள் ஓய்விலும் நடக்கும். விடுப்பு மட்டும் வீணாகும்.

உங்கள் குரல்நாண் ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது அவை நொடிக்குச் சுமார் 200 முறை மோதி விலகுகின்றன. மூச்சு வாங்கும் நேரம், கரும்பலகையில் எழுதும் நேரம், பிள்ளைகள் பதில் சொல்லும் நேரம் எல்லாம் போக, உங்கள் குரல் உண்மையில் ஒலிப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கே 7,20,000 மோதல்கள் ஆகிவிட்டன. கத்தும்போது எண்ணிக்கையும் கூடுகிறது, மோதும் வேகமும் கூடுகிறது. நாணின் நீளத்தில் முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு முடிகிற இடத்தில்தான் அடி பலமாக விழும். முடிச்சு வருவதும் சரியாக அங்கேதான், இரு பக்கமும் எதிரெதிராக. மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவது போலத்தான் இதுவும். ஒரு மாதம் மண்வெட்டியைத் தொடாமல் இருந்தால் காய்ப்பு மிருதுவாகும். மறுபடி அதே பிடியில் வெட்டினால் மறுபடி காய்க்கும். மாற வேண்டியது பிடி.

அதனால்தான் முடிச்சுக்கு முதல் சிகிச்சையாகக் குரல் பயிற்சியைச் சொல்கிறோம். அறுவையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் கொடுப்பது ஓர் உறிஞ்சுகுழலும் பாதித் தம்ளர் தண்ணீரும். குழலின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரல் அகலம் மூழ்கியிருக்க வேண்டும். உதடுகள் குழலைச் சுற்றி இறுக மூடியிருக்க, 'ஊ' என்று ஒலி எழுப்பியபடி காற்றை ஊத வேண்டும். தண்ணீரில் குமிழிகள் ஒரே சீராக எழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள். குமிழிகள் திடீரென்று பொங்கி மேசை நனைந்தால் மூச்சைத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். ஆசிரியர்கள் எல்லோரும் முதல் நாள் என் மேசையை நனைத்திருக்கிறார்கள். குழலுக்குள் தடைபட்ட காற்று சற்றுப் பின்னோக்கி அழுத்தி, குரல்நாண்களைப் பலமாக மோதவிடாமல் தாங்கிக்கொள்கிறது. அதனால் நாண்கள் அதிர்கின்றன, ஆனால் அடிபடுவதில்லை. மூன்று நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே செய்யலாம்.

இரண்டாவது, இரைச்சலோடு போட்டி போடாதீர்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே விளக்கிவிட்டார். அறியாமல் நடப்பதால் மன உறுதியால் தடுப்பது கடினம். மேசையை இரண்டு தட்டுத் தட்டுங்கள், அடங்கும் வரை நில்லுங்கள், பிறகு பேசுங்கள். கடைசி வரிசைக்குச் சொல்ல வேண்டியதை நடந்துபோய் அங்கே நின்று சொல்லுங்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய மைக்கையும் இடுப்பில் கட்டும் ஒலிபெருக்கியையும் பயன்படுத்தக் கூச்சப்படாதீர்கள். கண் சரியாகத் தெரியாதவர் கண்ணாடி போட்டுக்கொள்வதில்லையா?

மூன்றாவதாகத்தான் ஓய்வு வருகிறது. அதுவும் ஒரு மாதத்தை மொத்தமாகக் கேட்கிற ஓய்வு அல்ல. ஒரு மணி நேரம் பேசினால் பத்து நிமிடம் வாய் மூடுங்கள். இடைவேளையில் தொலைபேசியை எடுக்காதீர்கள். மாலையில் வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கூப்பிடாதீர்கள்.

நீங்கள் மட்டும் இப்படி என்று நினைத்து வருந்த வேண்டாம். அமெரிக்காவில் இரு மாநிலங்களில் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களில் 57.7 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையேனும் குரல் கோளாறு கண்டவர்கள். மற்ற வேலைகளில் இருந்தவர்களில் அது 28.8 விழுக்காடு. கொத்தனாருக்குத் தலைக்கவசம் கொடுக்கிறார்கள். ஆசிரியருக்குக் குரலைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மணி நேரப் பயிற்சிகூட யாரும் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

வலது குரல்நாணில் இருந்த பாலிப்பை, அதாவது சிறு சதை வளர்ச்சியை, அறுவை செய்து எடுத்தார்கள். ஏழு நாள் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்றார் மருத்துவர். இதே அறுவை செய்துகொண்ட என் நண்பருக்கு மூன்று நாள்தானாம். எது சரி? அவசரத்துக்கு மனைவியிடம் ரகசியக் குரலில் இரண்டொரு வார்த்தை சொல்கிறேன். அதில் தவறில்லையே?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தவறு, நிறுத்துங்கள்.

ரகசியக் குரலில் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று எல்லோரும் நம்புகிறார்கள். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் 100 நோயாளிகளைக் கிசுகிசுக்கச் சொல்லிக் கேமராவில் பார்த்தார்கள். 69 பேருக்கு, இயல்பாகப் பேசுவதைவிடக் கிசுகிசுக்கும்போது குரல்வளையின் மேற்பகுதி அதிகமாக இறுகியது. 18 பேருக்கு வேறுபாடு இல்லை. 13 பேருக்குத்தான் இறுக்கம் குறைந்தது. நீங்கள் அந்தப் பதின்மூவரில் ஒருவரா என்பது கேமரா இல்லாமல் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காய்ச்சலோடு வந்த தொண்டைக்கட்டு என்றால், மெதுவாக, இயல்பான குரலில், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவு பேசுங்கள் என்று சொல்வேன். உங்களுக்கு ஆறிக்கொண்டிருப்பது பச்சைப் புண். அதற்கு ரகசியமும் கிடையாது, முனகலும் கிடையாது.

இனி, ஏழா மூன்றா? இரண்டையும் ஒப்பிட்டு ஜப்பானில் நடத்திய ஆய்வொன்று 2017-ல் வெளிவந்தது. மூன்று நாள் மட்டும் மௌனமாக இருந்து, பிறகு குரல் பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு, ஏழு நாள் மௌனமாக இருந்தவர்களைவிடப் புண் நன்றாக ஆறியிருந்தது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டாலும் காலமெல்லாம் கட்டிலேயே வைத்திருப்பதில்லை. இளம் திசுவுக்கு ஓரளவு அசைவு வேண்டியிருக்கிறது. அதற்காக நீங்கள் நான்காம் நாளே வாய் திறந்துவிடாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் சிலரே. உங்கள் நாணில் எவ்வளவு ஆழத்துக்குக் கத்தி போனது என்பதைக் கண்ணால் பார்த்தவர் உங்கள் மருத்துவர் ஒருவர்தான். நண்பரின் பாலிப் வேறு, உங்களுடையது வேறு. ஆய்வைப் பற்றி அவரிடம் எழுதிக் கேளுங்கள். குறைக்கலாம் என்றால் அவரே குறைப்பார்.

எனக்கும் ஒருமுறை இது நடந்தது. குரல் பயிற்சி கொடுக்கிறவளுக்கே குரல்நாணில் பாலிப். மாடிக்கும் கீழுக்கும் கத்திப் பேசிப் பேசி வரவழைத்துக்கொண்டது. வெளியே சொல்ல வெட்கப்பட்டேன். அறுவைக்குப் பிறகு எனக்கும் ஏழு நாள். கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டேன். அது இன்னும் இருக்கிறது. முதல் நாள் பக்கங்களில் முழு வாக்கியங்கள், முற்றுப்புள்ளியோடு. மூன்றாம் நாளுக்குள் 'வேண்டாம்', 'அப்புறம்', 'அதை இல்லை, இதை'. ஐந்தாம் நாள் ஒரு பக்கம் முழுக்க ஒரே சொல், பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அடிக்கோடு இட்டு: 'கத்தாதீர்கள்'. ஏனென்றால் பேசாதவரிடம் எல்லோரும் ஏனோ உரக்கப் பேசுகிறார்கள். என் கணவர் ஒரு வாரம் என்னைச் செவிடாகவே நடத்தினார். என் நாத்தனார் ஒருபடி மேலே போய், நான் எழுதிக் காட்டியதற்கு அந்த நோட்டிலேயே பதில் எழுதினார்.

நான்காம் நாள் பிற்பகல் கதவு தட்டும் சத்தம் கேட்டு, "யார்?" என்று கேட்டுவிட்டேன். சொல் வெளியே வந்த பிறகுதான் வந்தது தெரிந்தது. என் குரல் போலவே இல்லை. ஈரமாக, பிசிறடித்து, யாருடையதோ போல இருந்தது. கதவைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மருத்துவரிடம் எழுதிக் காட்டினேன். ஒரு சொல்லால் ஒன்றும் ஆகாது என்று சிரித்தார். உங்களுக்கும் ஒன்று நழுவும். நழுவினால் பதற வேண்டாம். 'ஒன்று போய்விட்டது, இன்னொன்று என்ன' என்று தொடரவும் வேண்டாம்.

பேசுவது மட்டுமே பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். செருமினாலும் குரல்நாண்கள் ஒன்றோடொன்று அறைந்துகொள்கின்றன. செருமல் வந்தால் ஒரு மிடறு தண்ணீரை விழுங்குங்கள். கனமான பொருளை மூச்சை அடக்கித் தூக்கும்போதும் அவை இறுக மூடிக்கொள்கின்றன. எனவே இந்த வாரம் பெட்டியையோ பேரக்குழந்தையையோ தூக்க வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முக்குவதும் அதே வேலையைத்தான் செய்யும். உடன் பாட ஆசை வரும் என்றால் பாட்டுக் கேட்பதையும் நிறுத்திவையுங்கள். வாய்க்குள்ளேயே பாடுகிறவர்களின் தொண்டையில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். அசைகிறது.

எட்டாம் நாள் விடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கலாம் என்று எண்ணாதீர்கள். எனக்கு அனுமதித்த முதல் ஒலி, உதடு மூடிய ஒரு 'ம்'. அதை ஐந்து நிமிடம் சொன்னேன், பிறகு ஒரு மணி நேரம் மௌனம். மறுநாள் பத்து நிமிடம். வழக்கமான பேச்சுக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று.

வெந்நீர் குடித்தால் குரல்நாண் நனைந்து இளகும் என்கிறார்களே, உண்மையா?

நாம் குடிக்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் அதற்குப் புரையேறுதல் என்று பெயர். தண்ணீர் உணவுக்குழாயில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, நாணின் மேலுள்ள சளிப்படலத்தை நீர்த்தன்மையோடு வைத்திருக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே மேடை ஏறும் முன் மடமடவென்று குடிப்பதைவிட நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது மேல். வெந்நீர் இதமாக இருக்கிறதென்றால் குடியுங்கள், தடையில்லை. ஆவி மட்டும் நேரே போய்ச் சேரும். கொதிக்கும் பாத்திரத்தின்மேல் குனிந்து முகத்தையும் மடியையும் வேகவைத்துக்கொண்டவர்கள் பலர் என்பதால், குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள் என்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. ஓராண்டாகக் குரல் மெலிந்து, நடுங்கி, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்பதில்லை. சிரமப்படுத்த வேண்டாமென்று நாங்கள் அவரை அதிகம் பேசவைப்பதில்லை. இந்த ஓய்வு போதுமா?

ஐயோ, இது ஓய்வல்ல, பட்டினி. வயதாகும்போது குரல்நாணின் தசை மெலிகிறது. இரு நாண்களும் வில்போல வளைந்து, மூடும்போது நடுவில் இடைவெளி விழுகிறது. காற்று அந்த வழியே கசிவதால் குரல் மெலிகிறது. கால் தசை மெலிந்தவரைப் படுக்கையில் கிடத்தினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். அவருக்கு வேண்டியது பேச்சு. காலையில் செய்தித்தாளைப் பத்து நிமிடம் அடுத்த அறைக்குக் கேட்கும்படி வாசிக்கச் சொல்லுங்கள். பிழையாக வாசித்தாலும் திருத்தாதீர்கள், திருத்தினால் நாளை வாசிக்க மாட்டார். முறையான பயிற்சி இன்னும் நல்லது. இடைவெளி பெரிதாக இருந்தால் நாணுக்குள் ஊசி மூலம் பொருள் செலுத்திப் பருக்கவைக்கும் வழியும் உண்டு.

அதற்குமுன் இரண்டு விஷயம். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை நாண்களைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நாண் செயலிழந்திருந்தாலும் குரல் இப்படித்தான் மெலியும். நடை சுருங்கியிருக்கிறதா, கையெழுத்து சிறுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். குரல் தணிவது பார்க்கின்சன் நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு, யாரும் கேட்க விரும்பாதது: "என்ன, என்ன" என்று அவரைத் திருப்பித் திருப்பிக் கேட்பது யார்? உங்கள் அம்மாவின் செவித்திறனையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

நான் பாடகி. விளையாட்டுப் போட்டி பார்க்கும்போது ஒரே ஒரு முறை உரக்கக் கத்தினேன். அந்தக் கணமே குரல் போய்விட்டது, வலி இல்லை. மூன்று நாளில் மேடை இருக்கிறது. அதுவரை ஓய்வெடுத்தால் பாடலாமா?

இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திராமல் அன்றே பதில் அனுப்பிவிட்டேன். பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். கத்திய கணத்தில், பாடிய கணத்தில், பலமாக இருமிய கணத்தில் குரல் சட்டென்று போனால், நாணுக்குள் இரத்தக்குழாய் ஒன்று உடைந்திருக்கலாம். முத்துப்போல் வெளுத்திருக்க வேண்டிய நாண் கேமராவில் செக்கச்செவேல் என்று தெரியும். வலிக்காது என்பதுதான் ஆபத்து. குரலுக்கு முழு ஓய்வு மறுக்க முடியாத மருந்தாக இருக்கிற இடம் இது. பேச்சில்லை, ரகசியமில்லை, 'ஒரே ஒரு பாட்டு' என்பதும் இல்லை. அதன்மேல் பாடினால் தழும்போ பாலிப்போ நிலைத்துவிடலாம். எத்தனை நாள் என்பதை மருத்துவர் மறுபடி பார்த்துத்தான் சொல்வார்; நாள்காட்டி சொல்லாது. வலி மாத்திரை என்று ஆஸ்பிரின் வகையை நீங்களாகப் போடாதீர்கள், கசிவைக் கூட்டும். இதயத்துக்காக மருத்துவர் கொடுத்த மாத்திரை என்றால் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

மேடையை ரத்து செய்தாரா என்று கேட்பீர்கள். செய்தார். என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது கடிதத்தில் விளிப்புச் சொல்லே இல்லை.

ஆறு வாரமாகக் குரல் கரகரப்பு. சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. பேச்சைக் குறைத்துப் பார்த்தேன், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் போட்டேன். இருபது ஆண்டாகப் புகைபிடிக்கிறேன். இன்னும் எவ்வளவு நாள் ஓய்வு கொடுக்கலாம்?

ஒரு நாளும் வேண்டாம். குரல்நாண்களை யாராவது பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை. சளியோடு வரும் தொண்டைக்கட்டு பெரும்பாலும் வைரஸால் வருவது, ஓரிரு வாரத்தில் தானே விலகும். நான்கு வாரம் தாண்டியும் கரகரப்பு நீடித்தால் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். புகைப்பவர் அந்த நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம். கரகரப்பை மட்டும் வைத்து, நாணைப் பார்க்காமல் அமில மாத்திரை எழுதுவதையும் அதே வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. குரல்நாணில் வரும் புற்று சீக்கிரமே குரலைக் கெடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை, புகையால் நாண் ஊதியிருந்தாலும் குரல் இப்படியாகும். பார்க்காமல் சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறேன். கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், எச்சிலில் இரத்தம், மூச்சு இழுக்கும்போது சத்தம் என எது இருந்தாலும் நாளைக்கே போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் போங்கள்.

குரல்நாணை முதன்முதலில் பார்த்த மருத்துவர் யார்? (பள்ளி மாணவர் ஒருவர், வினாடி வினாவுக்காக.)

உயிரோடு இருக்கும் மனிதர் ஒலி எழுப்பும்போது அது அசைவதைத் தெளிவாகப் பார்த்து எழுதியவர் மருத்துவரே அல்ல தம்பி, பாட்டு வாத்தியார். பெயர் மனுவேல் கார்சியா. 1854-ல் பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட காம்புள்ள கண்ணாடியை வெந்நீரில் சூடாக்கி, தன் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை உள்ளே பாய்ச்சித் தன் நாண்களைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அந்த ஆய்வைச் சமர்ப்பித்தார். கண்ணாடியைச் சூடாக்கியது ஏன் என்று உங்கள் அணியில் யாராவது கேட்டால்: மூச்சுப் பட்டு மங்காமல் இருக்க. 1805-ல் பிறந்து 1906-ல் இறந்தார். 101 வயது வரை இருந்தவர்.